பொங்கல் பானையில் உங்கள் வயல் அரிசி இருக்கிறதா?

தை முதல் நாள் வாசலில் புதுப்பானை வைத்து, புது அரிசி இட்டுப் பொங்குவது நம் வழக்கம். ஆனால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய அன்றே நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ அனுப்பிவிட்டு, பொங்கலுக்குக் கடையில் பச்சரிசி வாங்கும் விவசாயக் குடும்பங்கள் பல ஊர்களில் உள்ளன. ஊருக்கே நெல் கொடுத்தவர் தன் வீட்டுப் பானைக்கு அரிசி வாங்குவது சரிதானா? இந்த ஆண்டு ஒரு மூட்டையை மட்டும் வீட்டுக்கு நிறுத்திப் பாருங்கள்.

காயவைப்பதில் கவனம்

இயந்திரத்தில் அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரைப்பதற்கு 14 சதவீதம் இருக்க வேண்டும். நெல்லைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, 2 அல்லது 3 நாள் நிதானமாகக் காயவையுங்கள். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் அரிசியில் விரிசல் விழுந்து, அரைக்கும்போது குருணையாகிவிடும். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசிதான் தேவை என்பதால் நெல்லை அவிக்க வேண்டாம்.

ஒரு மூட்டையை மட்டும் அரைக்க சில ஆலைகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ரகம் பயிரிட்ட நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கொண்டுபோனால் இந்தச் சிரமம் இல்லை. 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும்.

வெல்லத்தின் நிறம் பார்த்து ஏமாறாதீர்கள்

பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். அந்த நிறத்துக்காகக் கொப்பரையில் 'ஹைட்ராஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் சேர்ப்பது உண்டு. ரசாயனம் சேர்க்காத வெல்லம் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். ஆலை போட்டுக் காய்ச்சும் இடம் பக்கத்தில் இருந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள்.

பொங்கல் வைக்கும் முறை

6 பேருக்குப் பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், வெல்லம் 400 கிராம், நெய் 100 கிராம், பால் 250 மில்லி, ஏலக்காய் 5, முந்திரி, திராட்சை கொஞ்சம் தேவை.

புது மண்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய பானையில் அரிசி கழுவிய நீரை ஊற்றி, சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

பொங்கலன்று அரிசியின் முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது கழுநீரைப் பாலுடன் சேர்த்துப் பானையில் ஊற்றுங்கள். அது பொங்கி வழிந்ததும், அரிசியையும் லேசாக வறுத்த பருப்பையும் இடுங்கள். பழைய அரிசி என்றால் ஒரு பங்குக்கு 5 பங்கு நீர் இழுக்கும். புது அரிசிக்கு 4 பங்கு போதும். அதிகம் வைத்தால் கூழாகிவிடும். தேவைப்பட்டால் ஊற்ற வெந்நீர் தயாராக இருக்கட்டும். சூடான மண்பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் அரிசி அதற்குமேல் வேகாமல் நறுக்கரிசியாக நின்றுவிடும். வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். தீயைக் குறைத்து, நெய்யைப் பாதி பாதியாக விட்டுக் கிளறுங்கள். மீதி நெய்யில் முந்திரி, திராட்சை வறுத்து, ஏலக்காய்ப் பொடியுடன் சேர்த்து இறக்குங்கள். ஆறினால் இறுகும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது.

வரும் ஆடியிலேயே திட்டமிடுங்கள்

அடுத்த பொங்கலுக்கு 5 சென்ட் நிலத்தை வீட்டுக்கென்று ஒதுக்கலாம். ஏக்கருக்கு 1,500 கிலோ விளைச்சல் என்று வைத்தாலும், 5 சென்ட்டில் 75 கிலோ நெல் கிடைக்கும். சுமார் 140 நாள் வயதுள்ள தூயமல்லி போன்ற பாரம்பரிய ரகத்தை ஆடிக் கடைசியில் விதைத்தால் மார்கழி நடுவில் அறுத்துவிடலாம். உயரமாக வளரும் ரகம் என்பதால் யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். தொழுவுரமும் பசுந்தாள் உரமும் போதும்.

விதைக்காக நடு வயலில் நல்ல கதிர்களாகப் பார்த்துத் தனியே அறுத்து, கலப்பில்லாமல் காயவைத்து எடுத்து வையுங்கள். மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். பல ரகங்கள் இப்படித்தான் கைமாறிப் பரவின. 5 சென்ட்டுக்கு 2 கிலோ விதை தாராளம். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் ஊருக்கு 10 குடும்பங்களையாவது இதில் சேர்க்கலாம்.

வீட்டுக்கென்று ஒதுக்கிய வயலில் எந்த மருந்தை அடிக்க உங்களுக்கு மனம் வராதோ, அதை மற்ற வயலிலும் அடிக்க ஒருமுறை யோசிப்பீர்கள். 5 சென்ட் நிலம் சொல்லித்தரும் பாடம் அது.