ஆறே ஆறு கார்கள் ஓடிய பந்தயம்!

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல், நின்றுகொண்டே போயிருக்கிறீர்களா? தர்மபுரி மாவட்டம் ஏரியூரில் இருந்து பென்னாகரத்துக்கு, பள்ளிக்கூட நேரத்தில் பஸ் ஏறும் பிள்ளைகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வளைவு வந்ததும் டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடிப்பார். பஸ் திரும்பும், உங்கள் உடம்பு மட்டும் நேராகவே போகப் பார்க்கும். கம்பியைப் பிடிக்காவிட்டால் பக்கத்து சீட்காரர் மடியில்தான் போய் விழ வேண்டும்!

அதே இழுப்புதான் ரேஸ் காரிலும். ஆனால், பல மடங்கு அதிகம். பார்முலா ஒன் கார் வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, டிரைவரின் உடம்பை அவருடைய எடையைப் போல நாலைந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் அது 25 கிலோ அரிசி மூட்டையை விடவும் கனத்துப் போகும்! அந்த மூட்டையைக் கழுத்து தாங்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு, வளைவுக்கு வளைவு!

அப்படித் தாங்கி, பார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாக ஓட்டிய இந்தியர் யார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்!

1977 ஜனவரி 14-ம் தேதி பிறந்தவர் நரேன். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் கார் பந்தய வீரர்தான். ராலி பந்தயங்களில் பெயர் வாங்கியவர். அந்தக் காலத்தில் நம் நாட்டில் ரேஸ் கார் வாங்குவது லேசான காரியமா? கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் என்பவர், மாருதி 800 காரின் இன்ஜினைப் போட்டு, 'பார்முலா மாருதி' என்ற சின்ன ரேஸ் காரை உருவாக்கினார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஓடுபாதையில் நரேன் முதலில் ஓட்டிப் பழகியது அந்த வகைக் காரைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' ஓடுபாதைக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு நரேன் பிரான்சில் ஒரு ரேஸ் பள்ளியில் பயிற்சி எடுத்தார். இங்கிலாந்து போனார். 1996-ல் 'பார்முலா ஆசியா' பட்டம் வென்றார். 2001 ஜூனில் பார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். சோதனை முடிந்ததும் சீட் கிடைத்துவிட்டதா? இல்லை! இந்த விளையாட்டில் திறமையோடு பணமும் வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஓட்டக் கோடிக்கணக்கில் செலவாகும்; அதற்கு விளம்பரதாரர்களைப் பிடிக்க வேண்டும். நரேன் நான்கு வருஷம் காத்திருந்தார். கடைசியில் ஜோர்டான் என்ற அணியில் இடம் கிடைத்தது. 2005 மார்ச் 6-ம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் முதல் பந்தயம். 15-வதாக வந்தார்.

ஜோர்டான் கார் அந்த வருஷம் வேகத்தில் கடைசி வரிசைக்காரர்களில் ஒன்று. அப்படியிருக்க, ஜூன் 19-ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த ஓடுபாதையில், சாய்வாகக் கட்டிய மிக வேகமான வளைவு ஒன்று உண்டு. இரண்டு நாட்களுக்கு முன் பயிற்சியில், அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் டயர் கெட்டுச் சுவரில் மோதியது. முதலில் பஸ்ஸில் பார்த்தோமே, அதே இழுப்பு! அதை மிஷெலின் நிறுவனத்தின் டயர்களால் தாங்க முடியவில்லை. அந்த டயர் போட்ட கார்கள் மொத்தம் 14.

பந்தயத்துக்கு முன் எல்லா கார்களும் ஒரு சுற்று மெதுவாக வரும். அது முடிந்ததும் 14 கார்களும் வரிசையாக உள்ளே போய் நின்றுவிட்டன! பாக்கி நின்றவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள். டிக்கெட் வாங்கி வந்திருந்த ஜனங்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? கூச்சல் போட்டார்கள். ஆனாலும் பந்தயம் நடந்தது. மைக்கேல் ஷூமாக்கர் முதல் இடம், பேரிச்செல்லோ இரண்டாம் இடம், நரேனின் அணித் தோழர் டியாகோ மான்டீரோ மூன்றாம் இடம். நரேன் நான்காம் இடம். 5 புள்ளிகள்! பார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் இவைதான். நரேன் அதில் எடுத்த மொத்தப் புள்ளிகளும் இவ்வளவுதான்.

"ஆறு பேர் ஓடி நாலாவது வருவது ஒரு சாதனையா?" என்று சிலர் கேலி செய்தார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். மாட்டு வண்டிக்காரர் காரோடு போட்டி போட்டால், தோற்றது வண்டிக்காரரா, வண்டியா? பார்முலா ஒன்னில் ஒவ்வோர் அணியின் காரும் வேறு வேறு. அதனால் ஒரு டிரைவரின் திறமையை அளக்க வேண்டுமானால், அதே அணியின் இன்னொரு காரை ஓட்டுபவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஓரளவு நியாயம்.

அப்படிப் பார்த்தால், எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு நாள். 2011 அக்டோபர் 30. டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம். நரேன் அப்போது எச்.ஆர்.டி. என்ற சின்ன அணியில் இருந்தார். அந்தக் காரும் மிக மெதுவானதுதான்! அவர் 17-வதாக வந்தார். அதே அணியின் மற்றொரு காரில் 18-வதாக வந்த இளைஞர் டேனியல் ரிக்கார்டோ. பிற்காலத்தில் பார்முலா ஒன்னில் எட்டுப் பந்தயங்களை வென்றவர்!

மான்டீரோ என்ன ஆனார்? அவர் டூரிங் கார் பந்தயத்துக்குப் போனார். தெருவில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்து ஓட்டுவது அது. அங்கே ஹோண்டா அணியில் அவருக்குத் தோழராக வந்தவர் ஹங்கேரி நாட்டு நார்பெர்ட் மிஹெலிஸ். கம்ப்யூட்டர் ரேஸ் விளையாட்டில் ஆரம்பித்து, 2019-ல் டூரிங் கார் உலகக் கோப்பையையே வென்ற ஆசாமி! (இதைச் சொல்லி வீட்டில் கம்ப்யூட்டர் கேட்காதீர்கள்!)

நரேன் 2012-க்குப் பிறகு பார்முலா ஒன்னில் ஓட்டவில்லை. ஜப்பானுக்குப் போய், வருஷக்கணக்கில் அங்கே ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபியூஜி ஓடுபாதையில், ஜப்பானின் 'சூப்பர் ஜி.டி.' கார்களும் ஜெர்மனியின் டூரிங் கார்களும் ஒன்றாக மோதிய பந்தயம் நடந்தது. இந்தத் தடவை ஆறு கார்கள் இல்லை, இருபதுக்கும் மேல். ஹோண்டா காரில் முதலாவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு வயது 42.