மறதி விழுங்கிய பாதி

‘எப்போதாவது வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், மனம் சோர்ந்து கிடந்திருக்கிறீர்களா?’ நாற்பது வயதுக்காரரைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு ‘அப்படியெல்லாம் இல்லையே’ என்பார். பொய் சொல்லவில்லை. இருபது வயதில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த மாதங்கள் நினைவிலிருந்து கழன்றிருக்கும். ஆயுளில் எத்தனை பேருக்கு மனநோய் வருகிறது என்று நாடுகள் எடுத்த கணக்குகளில் பல, இந்தப் பதிலை நம்பி எடுத்தவைதான்.

நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள டுனீடின் நகரில் வேறு வழியில் போனார்கள். 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே குயின் மேரி பிரசவ மருத்துவமனையில் பிறந்தவர்களில் 1,037 பேரை, மூன்று வயதில் ஆய்வில் சேர்த்தார் பில் சில்வா. பிறகு 5, 7, 9, 11 என்று தொடர்ந்து அழைத்தார்கள். வெளிநாட்டுக்குக் குடிபோனவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைத்தார்கள். 45 வயதிலும், உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். பழைய மாணவர் சந்திப்பு நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

மனநலக் கேள்விகள் 11 வயதில் தொடங்கின. பெரியவர்களானதும் கடைசி ஓராண்டைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். அந்த அளவுக்கு ஞாபகம் ஏமாற்றாது. 2010இல் ஆய்வாளர் டெர்ரி மாஃபிட்டின் குழு இந்தப் பதில்களைக் கூட்டிப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, குடி அடிமைத்தனம், கஞ்சா அடிமைத்தனம் ஆகிய நான்கிலும், 32 வயதுக்குள் பாதிக்கப்பட்டவர்கள் நினைவை நம்பிய கணக்குகள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தார்கள். மனச்சோர்வு மட்டும் 41 சதவீதம். இதுவும் குறைவான கணக்குதான். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் வந்துபோனவை எதிலும் பதிவாகவில்லையே!

45 வயதுக்குள் ஏதோ ஒரு மனநோய்க்கான வரையறைக்குள் வந்தவர்கள் 86 சதவீதம் என்று பின்னர் தெரிந்தது. வரையறையை அகலமாக்கினால் யார்தான் உள்ளே வர மாட்டார்கள் என்று ஒரு கட்சி கேட்கிறது. கேள்வியில் நியாயம் உண்டு. எனக்கோ இந்த எண் ஆறுதலாகவே படுகிறது. ‘நம்ம குடும்பத்துல யாருக்கும் அப்படி இல்ல’ என்று சம்பந்தம் பேசுகிற இடத்தில் சொல்பவர்கள், 86ஐ ஒரு தரம் உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

11 முதல் 38 வயதுவரை எந்த நோயும் தொடாதவர்கள் 17 சதவீதம்தான். அவர்கள் மற்றவர்களைவிடப் பணக்கார வீட்டில் பிறந்தவர்களோ அதிபுத்திசாலிகளோ அல்ல. சின்ன வயதிலேயே சட்டென்று கலங்காத சுபாவம் இருந்தது; குடும்பத்தில் மனநோய் குறைவாக இருந்தது. பெரியவர்களானபின் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதல்.

டுனீடின் ஒரே ஊர், பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்த எண்களை அப்படியே சென்னைக்குத் தூக்கி வர முடியாது. ஆனால், கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் பேட்டி காண்பவரிடம் பழைய கோப்பைக் காட்டுவதில்லை. எதிரே இருப்பவர் 18 வயதில் என்ன சொன்னார் என்று தெரியாமலேதான் அவர் கேட்கிறார்: போன வருஷம் எப்படி இருந்தீர்கள்?