அல்டோவா, வேகன் ஆரா?

யாழ்ப்பாணத்தில் சிறு வியாபாரம் செய்யும் சகோதரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பாவித்த வண்டிகளின் விலையும் ஏறிவிட்டதால் கேள்வி நியாயமானதே.

இந்தியத் தயாரிப்பான அல்டோ 800 இன் இயந்திரம் 796 சீசீ. கியரைக் கையால் மாற்ற வேண்டும். சாதாரண கராஜிலேயே திருத்திக்கொள்ளலாம். ஜப்பானிய ஹைபிரிட் வேகன் ஆர் 658 சீசீதான். ஆனால் தானியங்கிக் கியர், உயரமான கூரை. உம்மா, வாப்பா அதிகம் குனியாமல் ஏறலாம். முன் பயணி ஆசனத்தின் கீழுள்ள லித்தியம் பற்றரியைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கடற்காற்று வீசும் ஊர், இரண்டிலும் அடிப்பக்கத் துருவைப் பாருங்கள்.

வேகன் ஆர் விலை கூடியது. அந்த வித்தியாசத்துக்காக வட்டிக்கு லீசிங் எடுப்பதைவிட, கைக்காசுக்கு அல்டோ வாங்குவதே மேல் என்பேன். சரக்கெடுக்க அடிக்கடி கொழும்பு போகிறவர், இஜாரா முறையில் வசதி கிடைத்தால், வேகன் ஆரைப் பார்க்கலாம்.