அங்கதம் எவ்வாறு செயல்படுகிறது? மாட்டுங்கா லேபர் கேம்ப் தரும் விளக்கம்

மும்பை: தாராவியை ஒட்டியுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வசித்த இளம் தொழிலாளி ஒருவர், அங்கு மொய்த்த கொசுக்களைப் பற்றிப் பாடல் எழுதினார். பின்னாளில் மராத்தி தலித் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட அண்ணாபாவ் சாத்தே (1920-1969) தான் அவர். முறையான பள்ளிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், அங்கதத்தின் முக்கிய உத்திகளை அவரது படைப்புகளில் தெளிவாகக் காணலாம்.

இருவகை அங்கதம்

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சாடுவது முதல் வகை. பழியை மறைத்துக் கூறுவது இரண்டாம் வகை. கொசுவைப் பாடினால் எந்த அதிகாரியின் பெயரையும் கூற வேண்டியதில்லை. கொசு பெருகக் காரணம் யார் என்ற கேள்வி, கேட்பவர் மனத்தில் தானாகவே எழும்.

புகழ்வது போலப் பழித்தல்

அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசப்பட்டு அழகாக உள்ளன என்கிறார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95-ஆம் பாடல் இது. புகழப்பட்டவர் போர் காணாதவர் என்பதே உட்பொருள்.

மும்பையைப் பற்றிய தமது லாவணியில் சாத்தே, செல்வர் வாழும் மலபார் ஹில்லை இந்திரபுரியாக உயர்த்துகிறார். அதன் அருகிலேயே, இரவு பகலாக உழைத்துக் கிடைத்ததை உண்ணும் பரேல் தொழிலாளர்களை நிறுத்துகிறார். கண்டனச் சொல் தேவைப்படவில்லை, முரணே கண்டனமாகிறது.

மரபைத் திருப்புதல்

மராத்தி தமாஷா கூத்து, விநாயகர் துதியுடன் தொடங்கி, கண்ணனும் கோபியரும் இடம்பெறும் பகுதியுடன் தொடர்வது மரபு. சாத்தே துதியில் தாய்மண்ணை வணங்கினார். கோபியர் பகுதியை நீக்கினார். பழகிய வடிவில் எதிர்பாராத பொருள் வரும்போது பார்வையாளர் விழித்துக்கொள்கின்றனர்.

கோமாளியின் உரிமை

தமாஷாவில் சோங்காட்யா, தமிழகத் தெருக்கூத்தில் கட்டியக்காரன். இருவரும் மன்னனையே கேலி செய்யலாம். அறிவிலி போல நடிப்பதால், மற்றவர் அஞ்சும் உண்மையை அவர்களால் கூற முடிகிறது.

தடையும் பெயர் மாற்றமும்

அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் இணைந்து 1944-இல் 'லால் பாவ்டா' கலைக்குழுவைச் சாத்தே தொடங்கினார். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய் மாகாண அரசு தமாஷாவுக்குத் தடை விதித்தபோது, அதே கலை 'லோக்நாட்டியம்', அதாவது மக்கள் நாடகம் என்ற பெயரில் மேடையேறியது. பழிகரப்பு என்பது வெறும் அணியழகு அன்று, பேச்சுரிமை குறுகும் காலத்தில் அது பாதுகாப்பும் ஆகும் என்பதை இது உணர்த்துகிறது.

எது அங்கதம், எது ஏளனம்?

மிகை, முரண், வஞ்சப்புகழ்ச்சி ஆகிய இதே உத்திகளைக் கொண்டு எளியோரையும் இழிவுபடுத்த முடியும். எனவே உத்தியை மட்டும் வைத்து ஒரு படைப்பை மதிப்பிட இயலாது. சிரிப்பு யாரை நோக்கி எழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லேபர் கேம்ப்பில் கொசுக்கடிக்கு உள்ளானவர்களைப் பார்த்துச் சாத்தே சிரிக்கவில்லை. அவர்களுள் ஒருவராக நின்றே பாடினார்.