பாதி ஆட்டக்காரரும் மூடிய உறையும்

ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டின் பழைய பதிப்புகளில் இத்தாலியக் கிளப் ஒன்றை நடத்தியவர்கள், ஓர் ஆட்டக்காரரில் பாதியை விலைபேசியிருப்பார்கள். விளையாட்டுக்காகக் கற்பனை செய்த விதியல்ல அது. கோம்பார்தெசிபாட்சியோனே என்ற பெயரில் இத்தாலியில் நிஜமாகவே இருந்த வழக்கம். 2014-இல்தான் அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் அதை நிறுத்தியது.

பெரிய கிளப்பில் ஓர் இளைஞர் இடம் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். விற்க மனமில்லை, வைத்திருந்தால் ஆட்டம் துருப்பிடிக்கும். அதனால் பாதி உரிமையைச் சின்னக் கிளப்புக்கு விற்று, அங்கே ஆட விடுவார்கள். பருவம் முடிந்ததும் பேச்சுவார்த்தை. கூட்டு உரிமையை நீட்டிக்கலாம், அல்லது ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஜொவிங்கோ என்ற ஆட்டக்காரரின் பாதியை 2011-இல் 30 லட்சம் யூரோவுக்குப் பார்மாவிடம் விற்ற யுவென்டஸ், மறு வருடமே 1.1 கோடி கொடுத்து மீட்டது. ஆட்டக்காரர் வளர்ந்ததன் விலை அது. சின்னக் கிளப்புக்கும் நல்ல லாபம்.

பேச்சு முறிந்தால் உறை. எதிராளியின் பாதிக்கு என்ன தருவோம் என்று இருவரும் எழுதி, மூடிக் கொடுப்பார்கள். அதிகம் எழுதியவருக்கு முழு ஆட்டக்காரர். மற்றவருக்கு அந்தப் பணம். என்னைக் கட்டிப்போடுவது இந்த இடம்தான். சாதாரண டெண்டரில் தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். இங்கே எதிராளி எழுதிய தொகை நம் கைக்கே வருகிறது. ஆட்டக்காரர் 2 கோடி பெறுவார் என்று நினைத்தால் 1 கோடி எழுதுங்கள். ஜெயித்தால் நியாய விலை. தோற்றால் அதற்கும் மேலே கிடைக்கும். இன்னும் ஆதாயம் வேண்டுமென்றால், எதிராளியின் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது, அவருக்கு ஆசை எவ்வளவு என்று கணிக்க வேண்டும்.

ஆசை என்ன செய்யும் என்பதற்கு 1978 சாட்சி. பாவ்லோ ரோஸ்ஸி 24 கோல் அடித்து விசென்சா கிளப்பை லீக்கில் இரண்டாம் இடத்துக்கு ஏற்றியிருந்தார். அவரில் பாதி யுவென்டஸுக்குச் சொந்தம். உறைகளைப் பிரித்தார்கள். யுவென்டஸ் எழுதியது 87.5 கோடி லிரா. விசென்சா தலைவர் ஃபரீனா எழுதியது 261 கோடிக்கும் மேலே! ரோஸ்ஸியை விட்டுக்கொடுக்க மனம் வராத மனிதரின் தொகை அது. அடுத்த பருவமே விசென்சா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. உறையில் தோற்ற யுவென்டஸ் 1981-இல் ரோஸ்ஸியைத் திரும்ப வாங்கியது. மறு வருட உலகக் கோப்பையில் அவர் 6 கோல் அடித்தார்.