ஃபிளெக்ஸ் எது, பால் கவர் எது?

மதுரையில் காதுகுத்து என்றாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் முதலில் எழுவது ஃபிளெக்ஸ் பேனர். விழா முடிந்ததும் அது கூரைக்குப் போகும், தள்ளுவண்டிக்கு நிழலாகும், கடைசியில் குப்பைக்கு வரும். அங்கே பால் கவர்களோடு கலந்துவிட்டால்தான் வம்பு.

அதே மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், குப்பை பிளாஸ்டிக்கில் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டார்கள்; 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுமார் 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அரை நிமிடத்தில் இளகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் தார். பால் கவரின் பாலித்தீன் இந்தச் சூட்டில் இளகுமே தவிரச் சிதையாது. ஃபிளெக்ஸில் இருப்பது பிவிசி. தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும், எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். இந்திய சாலைகள் பேரவையின் 2013 வழிகாட்டி பிவிசியைச் சேர்க்கவே கூடாது என்கிறது.

பிரிப்பது எப்படி? காய்ச்சிய செம்புக் கம்பியால் துண்டைத் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் பச்சைச் சுடர் தெரியும். குளோரின் இருக்கிறது என்று பொருள். டன் கணக்கில் வரும் குப்பைக்கு அது ஆகிற காரியமா?

கன்வேயரில் ஓடும் குப்பைமீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் தனக்கே உரிய அலைநீளங்களை விழுங்கி மீதியைத் திருப்புகிறது. ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பழகிய செயற்கை நுண்ணறிவு, அழுக்கும் கசங்கலும் இருந்தாலும் அந்த ரேகையைக் கண்டுகொள்ளும். உடனே ஒரு காற்றுக்குழாய் ‘புஸ்’ என்று ஊதி பிவிசியைத் தனியே தள்ளும். கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் டிமிக்கி கொடுக்கும். அதிலுள்ள கரித்தூள் ஒளியை மொத்தமாக விழுங்கிவிடுகிறது. பழைய டிவிப் பெட்டிகளின் தீத்தடுப்பு ரசாயனங்கள் பதுங்கியிருப்பதும் பெரும்பாலும் கறுப்பில்தான்!

வகை தெரிந்தால் மட்டும் போதாது. பிளாஸ்டிக்கோடு தொடர்புடைய ரசாயனங்கள் 13,000-க்கு மேல் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2023 அறிக்கை. எல்லாவற்றையும் எலிக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. மூலக்கூறின் வடிவத்தை, ஏற்கெனவே தெரிந்த நஞ்சுகளோடு ஒப்பிட்டு, எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று கணினி சொல்கிறது. பிளாஸ்டிக்கில் பயன்படும் பிஸ்ஃபீனால்-ஏ ஆபத்து என்று அதன் சாயலிலேயே இருக்கும் பிஸ்ஃபீனால்-எஸ்ஸுக்கு மாறினார்கள்; அதுவும் ஹார்மோன்களைக் குழப்பும் என்று பிறகே தெரிந்தது. இப்படிப்பட்ட மாற்றுகளை முன்கூட்டியே சந்தேகிக்க இந்தக் கணிப்பு உதவும்.

ஆனால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கணினியும் எதையும் கணிக்காது. தயாரிப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லச் சட்டம் வேண்டும். கேட்க வேண்டியது நாம்.