பட்டுப்போகாத பெரணி

மான்செஸ்டரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை வெயில் எட்டிப் பார்க்காது, ஈரத்துக்கோ பஞ்சமில்லை. ரோஜா அங்கே பிழைக்குமா? பெரணிதான் சரி என்று, லேடி ஃபெர்ன் மூன்று வாங்கி நட்டேன். மக்கிய இலை உரத்தை மண்ணோடு கலந்து, குருத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும், புதைத்தால் அழுகிவிடும்.

கோடையெல்லாம் பச்சைச் சல்லாத்துணி விரித்தாற்போல் இருந்தது. நவம்பரில் உறைபனி விழுந்ததும் அத்தனை இலையும் பழுத்துச் சாய்ந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "பட்டுப்போன செடியை வீட்டிலே வச்சுக்கப்படாதும்மா" என்றார். நானும் இரண்டைப் பிடுங்கி எறிந்தேன். மூன்றாவது, வேலியோரம் மறைவாக இருந்ததால் தப்பியது.

ஏப்ரலில் பார்த்தால், சருகுக்கு நடுவே முறுக்குச் சுற்றி வைத்தது போல் பச்சைச் சுருள்கள்! இலையைத் துறந்துவிட்டு அடித்தண்டில் உயிரை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளுகிற ஜாதியாம் இது. காய்ந்த இலைதான் அதற்குக் கம்பளி. ஆகவே பனிக்காலத்தில் வெட்டாதீர்கள். சுருள் எழும்பும் சமயத்தில் நறுக்கினால் போதும். சுருளைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குப் போட்டோ அனுப்பினேன். "அந்த ரெண்டையும் எங்கேடி போட்டே?" என்று கேட்கிறார்.